வேறொருவர் இன்னும் பாவிக்கிறார்

கணினியை நிறுத்தி மறுபடியும் போட்டால் சரிவரும் என்று நினைத்துத்தான் ஜெயரூபி அந்தப் பொத்தானை அழுத்தினாள். கணினி நிற்க மறுத்தது. திரை முழுக்க நீலம் பரவி, நடுவில் ஒரு வரி வந்தது. வேறொருவர் இன்னும் இந்தக் கணினியைப் பாவித்துக்கொண்டிருக்கிறார். இப்போது நிறுத்தினால் அவர் சேமிக்காமல் வைத்திருப்பது அழிந்துபோகும். ஆங்கிலத்தில், அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர் கடிதம் எழுதுவதுபோல மிக மரியாதையாக.

அவள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். வேறொருவர் என்று சொல்ல அங்கே ஒரு பல்லிதான் இருந்தது. அதுவும் மழைக்குப் பயந்து சுவர்மணிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து, வாலை மட்டும் வெளியே விட்டிருந்தது.

அந்தக் கணினியின் வேகத்தை அந்த ஒழுங்கையின் அத்தனை வீடும் அறியும். பொத்தானை அழுத்திவிட்டு நிலாவெளிக்கு பஸ் ஏறி, கரைவலை இழுத்து முடியும்வரை நின்று பார்த்து, சூரை மீன் வாங்கி வந்து, வெட்டிக் கழுவிக் குழம்பு வைத்து, சாப்பிட்டு, ஒரு கோழித்தூக்கமும் போட்டுவிட்டு வந்து பார்த்தால், திரையில் அந்த வட்டம் அப்போதுதான் சுற்றத் தொடங்கியிருக்கும். ஆனாலும் அது பொய் சொன்னதில்லை. தாமதமாகச் சொல்லும், சொன்னால் உண்மையைத்தான் சொல்லும்.

அதில் இரண்டு பேருக்கு மட்டுமே கணக்கு இருந்தது. ஒன்று அவளுடையது. மற்றது அவளுடைய கணவன் சுகிர்தனுடையது. கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். "அப்பிடி என்ன ரகசியம் உள்ளுக்க?" என்று அவள் கேட்டால், "ஒண்டுமில்லை. ரகசியம் இருக்கெண்டு நீர் நினைச்சுக்கொண்டு திரியிறதுதான் எனக்குச் சந்தோசம்" என்று சிரிப்பான். கப்பலில் இயந்திர அறை வேலை அவனுக்கு. சித்திரை வருசத்துக்கு அடுத்த கிழமை போனவன், இப்போது மார்கழி. அன்று காலை முழுவதும் வேறு கரண்ட் இல்லை. வந்து கொஞ்ச நேரம்தான். கணினியைத் திறந்தவள் அவள் ஒருத்திதான்.

பிறகு வேறொருவர் எங்கிருந்து வந்தார்?

சாதாரண நாளாக இருந்தால் வயரைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் படுத்திருப்பாள். இன்று ஏலாது. முதல்நாள் கொழும்பிலிருந்து கப்பல் முகவர் அலுவலகத்துப் பெண் பேசியிருந்தாள். ஓமான் கரைக்கு அப்பால் சுகிர்தனின் கப்பல் மூழ்கிவிட்டது. சிலரைக் கடலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒருவரிடமும் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. சிலருக்குப் பேச்சே இல்லை. "நாளைக்குப் பின்னேரம், வெளிச்சம் போற நேரம், ஆஸ்பத்திரியில இருந்து வீடியோவில காட்டுவினம். நீங்கள் முகத்தைப் பாத்துச் சொல்லவேணும், மிஸிஸ் சுகிர்தன்."

இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்த ஒழுங்கையில் ஒரு பெண்ணுக்குச் சொன்னால் போதும், உலை கொதிக்கும் முன்னே வாடகைக் கதிரை லொறி வந்து வாசலில் நிற்கும். பறைக்காரருக்கு அச்சாரம் போய்விடும். முகம் பார்க்கும்வரை அது செத்தவீடு ஆகக்கூடாது. மகளைத் தம்பலகாமத்தில் தங்கை வீட்டுக்கு அனுப்பினாள். அனுப்பிய கையோடு வெள்ளம் பாதையை மூடியது. பக்கத்து வீட்டு முத்தலிப் காக்காவும் மனைவியும் மூதூரில். ஆக, அவளும் மழையும் கணினியும்.

கையிலிருந்த பழைய பொத்தான் போனில் றுவைஸை அழைத்தாள். பஸ் நிலையத்தடியில் கணினி திருத்தும் கடை வைத்திருப்பவன். மழைத்தண்ணீரில் விழுந்த அவளுடைய நல்ல போனும் அவனிடம்தான் கிடந்தது.

"அக்கா! ஒங்கட போன் இன்னும் காயல்ல. அரிசிக்குள்ள புதைச்சு வெச்சிருக்கன். இன்னும் விட்டா புரியாணிதான் ஆக்கித் தரோணும்."

"போனை விடுங்கோ, றுவைஸ். கொம்பியூட்டர் சரியான ஸ்லோ. நெற்றும் வருகுதில்லை. இருட்ட முதல் எனக்கொரு முக்கியமான வீடியோ கோல் வரும். வர ஏலுமோ?"

"நான் கிண்ணியாவில மாட்டிக்கிட்டன் அக்கா. பாலத்தடியில தண்ணி. பயப்படாதீங்க, போன்லயே செஞ்சு தாறன். போன்லயே கொம்பியூட்டருக்குப் பிரசவம் பாத்த ஆள் நான். றவுட்டருக்கிட்டப் போங்க. என்ன லைற் எரியுது?"

றவுட்டர் முன்கூடத்தில், சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது. "சிவப்பு."

"வயரக் கழட்டுங்க. எல்லா வயரையும். கொஞ்சம் மூச்சு விடட்டும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் நில்லுங்க."

அவள் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே மழை ஓட்டில் இடைவிடாமல் உரசிக்கொண்டிருக்க, துறைமுகத்துப் பக்கமிருந்து ஏதோ ஒரு கப்பல் தொண்டை கட்டியவன்போல ஒருமுறை ஊதி ஓய, ஈரச் சுவரின் பூஞ்சண வாசனையும் அடுப்படியில் ஆறிப்போன சாம்பலின் வாசனையும் கலந்து கூடத்தில் தங்கி நிற்க, அவள் ஒரு காதைப் போனுக்கும் மறுகாதை வீட்டுக்கும் கொடுத்திருந்தாள்.

உள்ளறையில் சத்தம் கேட்டது.

டக். கொஞ்சம் இடைவெளி. டக். டக்.

யாரோ விசைப்பலகையில் தட்டுகிறார்கள். ஒற்றை விரலால், கோழி கொத்துவதுபோல, ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி. உலகத்தில் ஒரே ஒரு மனிதன்தான் அப்படித் தட்டுவான். அவளுடைய தலைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே எழும்பி, தனித்தனியே பயந்தது.

"றுவைஸ்... உங்களுக்குக் கேக்குதோ?"

"என்ன, மழையா? இஞ்சயும்தான் ஊத்துது."

அவள் போனாள். போகாமல் நிற்பது போவதைவிடப் பயமாக இருந்தது. அறையில் ஒருவரும் இல்லை. பல்லியின் வாலும் இல்லை. ஆனால் விசைப்பலகையில் தண்ணீர்த்துளிகள் உருண்டு கிடந்தன. கதிரையின் மெத்தை, ஒருவர் இருந்துவிட்டு அப்போதுதான் எழும்பியதுபோல, அமுங்கிய இடத்திலிருந்து மெல்ல மெல்ல ஊதி எழுந்துகொண்டிருந்தது. கூரை ஒழுக்கு என்று நினைத்து அண்ணாந்தாள். கூரை காய்ந்து கிடந்தது.

வாசனை ஒன்றும் இருந்தது. அந்தத் துறைமுகத்தின் அத்தனை வாசனையையும் அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: மா ஆலையின் கோதுமைத் தூசி, காயும் கருவாடு, இறங்குதுறைத் தார். இது அவற்றில் எதுவுமில்லை. டீசல். துரு. அதற்கடியில் வெயில் ஒருபோதும் தொடாத ஆழத்துத் தண்ணீரின் குளிர்ந்த வாசனை.

"இப்ப மூண்டு பொத்தானையும் ஒண்டா அமத்துங்க அக்கா," என்றது போன். அவன் குரல் பிடித்து நிற்கக் கிடைத்த மரக்கட்டைபோல இருந்தது. எந்தெந்தப் பொத்தான் என்று அவன் சொல்ல, அவள் ஈர விசைகளைத் தொட்டாள். பனிக்கட்டியைத் தொட்டதுபோல விரல் சுட்டது. "ஆக்களைக் காட்டுற ஒரு இடம் வரும். எத்தினை பேர்?"

"ரெண்டு பேர்."

"மத்தது ஆரு?"

"...அவர்."

"அதான் பாருங்க! அண்ணன் தன்ட கணக்கத் திறந்து வெச்சிட்டு உள்ள லைன் எல்லாத்தையும் தனியா இழுத்துக் குடிக்கார். மெசின் பாவம், என்ன செய்யும்?"

"அவர் கப்பலில, றுவைஸ்."

போனில் ஒரு சிரிப்பு. "என்னக்கா பகிடி விடுறீங்க? கப்பல்ல போன மனிசனா ஒங்கட பக்கத்தில நிண்டு இருமுறார்? இப்பவும் கேட்டிச்சே. போனை அவரிட்டக் குடுங்க, நான் சலாம் சொல்லி ரெண்டு வார்த்தை கதைக்கன்."

அவளுக்கு ஒரு இருமலும் கேட்கவில்லை.

ஜெயரூபி முன்கதவுக்கு ஓடினாள். திறந்தாள். வாசல் தாழ்வாரத்தில் வழக்கம்போல, திருக்கோணமலைத் தெருக்களில் மாடுபோலத் திரியும் ஊர்மான்கள் மழைக்கு ஒதுங்கி நின்றன. எந்நாளும் தெருவைப் பார்த்து அசைபோட்டபடி, வாழைப்பழத்தோல் எறிந்தால் மட்டும் திரும்பும் சோம்பேறிகள். இன்று எல்லாம் வீட்டைப் பார்த்து நின்றன. ஒன்றின் வாயும் அசையவில்லை. ஈரக் காதுகள் விறைத்திருந்தன. அவை அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், அவளுடைய தலைக்குச் சற்று மேலே, ஓர் ஆண்பிள்ளையின் முகம் இருக்கக்கூடிய உயரத்தைப் பார்த்தன.

தெருவாசல் படலை மழையில் மங்கலாகத் தெரிந்தது. ஓடிவிடலாம். யார் வீட்டிலாவது விழுந்து கதவைத் தட்டலாம். ஆனால் முகம் பார்க்க வேண்டிய இணைப்பு அந்தக் கணினிக்குள் இருந்தது. ஓடினால், எங்கோ ஒரு கட்டிலில் பேச்சில்லாமல் கிடப்பவனை அவன்தான் என்று சொல்ல உலகத்தில் ஆள் இல்லை.

அவள் திரும்பி உள்ளே நடந்தாள். கதவைச் சாத்த மறந்தாள்.

திரை மாறியிருந்தது. இப்போது அது சுகிர்தனின் திரை. பின்னணியில் அவர்களுடைய மகள் முன்பல் இல்லாமல் சிரித்தாள். நடுவில் ஒரு வெள்ளைப் பக்கம். அவள் பார்த்துக்கொண்டிருக்க, விசை ஒன்று யாரும் தொடாமல் கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று.

குளிருது.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்படியென்றால் முடிந்துவிட்டது. தண்ணீருக்குள் போனவன் வேறு எங்கே போவான்? வீட்டுக்குத்தானே வருவான். பயம் நெஞ்சில் ஒரு பக்கம் இடிக்க, மறுபக்கம் அழுகை இடித்தது. இரண்டும் ஒரே வாசலால் வெளியே வரப் பார்த்தன.

"இஞ்சருங்கோ... நீங்களோ?"

பக்கத்தில் எழுத்து விழும் கோடு மினுங்கியது. மினுங்கியது. டக். டக்.

ஓம்.

கையிலிருந்த போன் கூவியது. அவள் வீரிட்டாள். றுவைஸின் அழைப்புக்கு நடுவே வேறோர் எண், கொழும்புப் பெண். "மிஸிஸ் சுகிர்தன், லைன் திறந்து கனநேரமாச்சு. நீங்கள் இன்னும் வரேல்லை. மற்றக் குடும்பங்கள் எல்லாம் பாத்திட்டினம். இன்னும் பேர் சொல்லாத ஒரு ஆள் இருக்கிறார். ஒரே ஒரு கட்டில். டொக்டர்மார் காத்துக்கொண்டு நிக்கமாட்டினம். கெதியா வாங்கோ."

ஒரே ஒரு கட்டில்.

மறுபடி றுவைஸ். "அக்கா, நிக்கிறீங்களா? வேற வழி இல்ல. அண்ணன்ட பேருக்கு மேல அமத்தி ஆளை வெளியே போடுங்க. அவர் இருக்கும்வரைக்கும் நெற் வராது. போடுங்க, மத்தது தானா வரும்."

"அவரை வெளியிலை போடவோ?"

"ஓம். என்ன, அடிப்பாரா?" என்று சிரித்தவன், அவளுடைய விம்மலைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினான். "அக்கா? என்னக்கா? ஏன் அழுறீங்க?"

அவள் போனை மேசையில் வைத்தாள்.

மவுஸ் பாரமாக இருந்தது. தன் கையின் மேல் இன்னொரு கை இருப்பதுபோல. ஈரமான, அகலமான, குளிர்ந்த கை. அது தடுக்கவில்லை. கூடவே வந்தது. அம்புக்குறி அவனுடைய பெயருக்குப் போனது. வெளியேற்றவா என்று கணினி கேட்டது. சேமிக்காதது அழியும் என்று மறுபடியும் மரியாதையாகச் சொன்னது.

எத்தனை தடவை இவனைப் படலையடியில் நின்று அனுப்பியிருக்கிறாள். பையைத் தூக்கிக்கொண்டு அவன் "போட்டு வாறன்" என்பான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வாள். என்ன சொல்கிறோம் என்று யோசித்துச் சொல்லும் சொல்லா அது? மூச்சு விடுவதுபோல வருவது. இப்போதும் வந்தது.

"போட்டு வாங்கோ," என்று சொல்லி அழுத்தினாள்.

சொன்ன பிறகுதான், போய்விட்டுத் திரும்பி வா என்றல்லவா சொன்னோம் என்று நாக்கைக் கடித்தாள். செத்தவீட்டில் அந்தச் சொல் இல்லை. போகிறவரும் சொல்லமாட்டார், இருப்பவரும் சொல்லமாட்டார். பிரேதத்தின் முகத்தைப் பார்த்து அழுதவர்கள் விடைபெறாமல் எழும்பி, திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். இந்தக் கரையில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் அது தெரியும். அங்கிருந்து போகவேண்டியதை எவரும் திரும்பி வரச் சொல்வதில்லை.

கதிரை தானாகப் பின்னே உருண்டது. ஈரக் கால்கள் சீமெந்துத் தரையில் ஒட்டி, பிரிந்து, ஒட்டி, பிரிந்து, கூடத்தைக் கடந்தன. சாத்த மறந்த கதவு அகலத் திறந்தது. வெளியே மான்கள் அத்தனையும் ஒரே தாவலில் சிதறி ஓடிய குளம்புச் சத்தம் கேட்டது. பிறகு மழை மட்டும்.

அவள் கழற்றியிருந்த றவுட்டர் வயர்களைத் தடுமாறித் தடுமாறிப் பொருத்தினாள். பச்சை.

பச்சை! அந்தக் கணினி, தன் ஆயுளில் முதல் தடவையாக, மனிதர் கேட்பதற்கு முன்னே செய்தது. இணைப்பை அவள் தொட்டாளோ இல்லையோ, திரையில் வெள்ளைச் சுவர், தாதி ஒருத்தியின் தோள், ஒரு கட்டில். பேர் சொல்லாத ஆள். தலையில் கட்டு. உப்பில் வெந்து வெடித்த உதடு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் திறந்து, கமராவைத் தேடி, அவளைக் கண்டு, நிரம்பியது.

"ரூபி," என்றது உதடு. சத்தம் கொஞ்சம்தான் வந்தது. போதும்.

"அவர்தான்! என்ரை மனுசன்தான்! ஐயோ, இவர்தான், சுகிர்தன்தான்!" அவள் சிரித்தாள், அழுதாள், திரையைத் தடவினாள், கொழும்புப் பெண்ணுக்குக் கும்பிட்டாள், தாதிக்குக் கும்பிட்டாள், கணினிப் பெட்டிக்கும் ஒரு கும்பிடு போட்டாள். திருக்கோணமலை விரிகுடா முழுவதையும் நிரப்பியிருக்கும் அந்தச் சந்தோசம்.

"சாகேல்லை," என்றான் சுகிர்தன். "நான் சாகேல்லை, ரூபி. அழாதையும்."

"தெரியுது. தெரியுது. நான்தான் விசரி, நீங்கள் வந்து..."

நிறுத்தினாள்.

நீங்கள் வந்து.

இவர் சாகவில்லை.

இவர் அங்கே இருக்கிறார். கட்டிலில். உயிரோடு. இரண்டு நாளாக.

அப்படியென்றால் கதிரையில் இருந்தது?

நீங்களோ என்று கேட்டதற்கு ஓம் என்றது?

அது கடலில் அவனைக் கண்டிருக்கிறது. அவன் நினைத்துக் கிடந்த வீட்டை அறிந்திருக்கிறது. வந்திருக்கிறது. ஆனாலும் அது போனதே. போய்விட்டதே. யாரும் மறிக்கவில்லை, அது தன்பாட்டில் போயிருக்கும். அவள்தான். அவள் வாயால்தான் அதைத் திரும்பி வரச் சொன்னாள்.

படலைக் கொளுக்கி கழன்றது.

கதவு. திறந்தபடி.

தரை. ஒட்டி. பிரிந்து. ஒட்டி.

டீசல் வாசனை.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. கண் மட்டும் திரையில் இருந்தது. சுகிர்தனின் திறந்த கண் அவளைவிட்டு விலகி, மெல்ல, அவளுடைய இடது தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவன் முகத்தில் இருந்த கொஞ்ச இரத்தக்களையும் வடிந்தது.

"உமக்குப் பக்கத்தில," என்றான். "ஆர் அது?"

திரையின் மூலையில், அவளையே அவளுக்குக் காட்டும் சின்னக் கட்டத்தைப் பார்த்தாள். அதில் அவள் இருந்தாள். அவளோடு கன்னம் உரசும் அருகில், குனிந்து, இன்னொரு முகம். சுகிர்தனின் நெற்றி. சுகிர்தனின் மூக்கு. ஈரம் சொட்டும் சுகிர்தனின் மயிர். வாய் மட்டும் இன்னும் ஆகவில்லை. மாவில் நகத்தால் கீறியதுபோல ஒரு கோடு.

அது அவளைப் பார்க்கவில்லை. கட்டிலில் கிடந்தவனின் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ரூபி!" என்று அவன் கத்தினான். "எழும்பும்! ஓடும்!"

அந்தக் கோடு பிளந்து, வட்டமாகி, சுருங்கியது. தண்ணீர் வழிந்தது. மறுபடி வட்டமானது. அவன் கத்தக் கத்த, அவனுடைய உதட்டைப் பார்த்துப் பார்த்து, பாடம் படிக்கும் பிள்ளையின் பொறுமையோடு, அது ஒவ்வோர் எழுத்தாகப் பழகிக்கொண்டிருந்தது.